கத்தி நிற்க வேண்டிய இடம்

என் புருஷனைப் பற்றி வாழைச்சேனை மீன்பிடி ஹாபரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவன் பாவம் என்கிறான், இன்னொருவன் கள்ளன் என்கிறான். நரம்பில்லாத நாக்கு, எப்படியும் பேசும். அவருக்குச் சோறு போட்டு, அவரோடு சண்டை பிடித்து, இரண்டு பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்த மனிசி நான். நடந்ததை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு கதையுங்கள்.

அவர் பெயர் நௌஷாட். ஓட்டமாவடியில் லேத் நௌஷாட் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். எங்கள் வீட்டு முன்பக்கத் தகரக் கொட்டகைதான் அவருடைய வேர்க்‌ஷொப். இளவயதில் காகித ஆலையில் வேலை பழகியவர். அங்கே வேலை நின்றதும், கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பழைய லேத் மெசின் ஒன்றை லொறியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். அப்போது மூத்தவள் என் வயிற்றில். தொட்டில் வாங்க வேண்டிய நேரத்தில் இரும்பு வாங்கி வந்த மனிசனை என்ன செய்வது? வாய் நிறைய ஏசினேன். அவர் எண்ணெய்த் துணியால் மெசினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அந்த மெசின் எனக்குச் சக்களத்தி.

ஆழ்கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு ஷாஃப்ட் செய்வதுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. எஞ்சினையும் தண்ணீருக்குள் சுழலும் புரொப்பலரையும் இணைக்கிற நீளமான உருக்குத் தண்டுதான் ஷாஃப்ட். அதன் ஒரு நுனியைக் கொஞ்சத் தூரத்துக்கு மெல்லியதாகச் சீவி, அதில் கப்ளிங்கை மாட்டி எஞ்சினோடு பூட்டுவார்கள். தடித்த தண்டு மெலிகிற இடத்துக்குத் தோள் என்று பெயர். சக்கு என்கிற இரும்புப் பிடி தண்டை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும். கத்தியைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி சக்கை நோக்கி நகரும். தோள் வரவேண்டிய இடத்தில் அந்த வண்டி நிற்க வேண்டும். தாண்டினால் ஷாஃப்ட் பழுது. இன்னும் தாண்டினால் கத்தி போய்ச் சுழலும் சக்கில் அடிக்கும். உடைந்த துண்டு யார் முகத்தில் பாயும் என்பது அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இவர் அதையெல்லாம் கண்ணால் செய்தவர். கோடு கீறிய இடத்தில் மயிரிழை பிசகாமல் நிறுத்துவார். பிறகு கூர்க் கத்தியைக் கழற்றிவிட்டு, மூக்கு உருண்ட கத்தி ஒன்றை மாட்டி, தோளின் மூலைக்கு ஒரு சோற்றுப் பருக்கை அளவு வளைவு கொடுப்பார். இரண்டு கையாலும் இரண்டு பிடிகளைச் சேர்த்துத் திருப்ப வேண்டும், கண் அந்த மூலையை விட்டு அசையக் கூடாது. அந்த நேரம் வீடு தீப்பிடித்தாலும் மனிசன் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தக் கண்ணைத்தான் சீனி வருத்தம் தின்றது. நான் சீனி டின்னை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தால், இவர் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்துவிடுவார். "ஒரு கோப்பைதானே புள்ள" என்பார். ஒரு கோப்பை, ஒரு கோப்பை என்று வலது கண் போய்விட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர், கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, லேசர் பிடித்து இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பிடித்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் "இடது கண் காணுது" என்றார். நானும் நம்பினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் காதோடு சொன்னார்: "ஆருக்கும் வாய் தொறக்காத. கண் தெரியாதவனுக்கிட்ட ஆரு புள்ள ஷாஃப்ட் தருவான்?"

"தராட்டிப் போகட்டும். மெசின மூடுங்க. புள்ளைகள் நம்மளப் பாக்கும்."

"மெசின மூடிட்டு நான் ஆரு?"

 அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தொடங்கினோம். வெளியே போனால் நான் ஓரடி முன்னே நடப்பேன். இருட்டுப்பட்ட நேரம் படி வந்தால் இருமுவேன். அவர் காலைத் தூக்கி வைப்பார். எனக்கு நெஞ்சு வருத்தம் என்று ஊரில் நினைத்தார்கள்.

கொட்டகைக்குள் இருமி என்ன பிரயோசனம்? கொஞ்ச நாள் நான் பக்கத்தில் நின்று கோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஆள் வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். பெண்சாதியிடம் கேட்டுக் கேட்டுக் கத்தி பிடிக்கிறவனிடம் எவன் வேலை கொடுப்பான்? ஒருநாள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "கண் பாக்கிற வேலைய இனி இரும்பு பாக்கணும்."

வண்டியை நிறுத்த ஒரு தடை செய்யப் புறப்பட்டார். வண்டி ஓடும் பாதையில் ஓர் இரும்புக் கட்டையைப் பூட்டிவிட்டால், வண்டி வந்து அதில் முட்டி நிற்கும். கேட்க லேசான வேலைதான். ஒரு கட்டை, ஒரு போல்ட். செய்து பூட்டினார். எனக்கு நம்பிக்கையில்லை. உடுப்புத் தோய்க்க வைத்திருந்த சவுக்காரக் கட்டையை எடுத்துவந்து, தடைக்கும் சக்குக்கும் நடுவில் நெருக்கி வைத்தேன். தடை இடம்விட்டு நகர்ந்தால் சவுக்காரத்தில் பள்ளம் விழும். விழுந்தது.

"உடுப்புத் தோய்க்க நல்ல மெசின்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கட்டையைக் கழற்றிப் பாதையில் பெருவிரலை ஓட்டினார். இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு, அங்கிருந்து இங்கே. வண்டி ஓடியோடிச் சக்குக்குப் பக்கத்தில் பாதை தேய்ந்து போயிருந்தது. அவரோ கட்டையைத் தேயாத மறுநுனியில் வைத்து அராவிப் பொருத்தியிருந்தார். அங்கே கட்டை கல்லாக நின்றது, இங்கே ஆடியது.

"இது வேற ஆரும் தேய்ச்சதில்ல, நான் தேய்ச்ச தேய்வு" என்றார். 

என் சட்டியடிக் கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து, தேய்ந்த இடத்தில் பூசச் சொன்னார். கட்டையை அதன்மேல் வைத்து எடுத்தால், கரி ஒட்டிய இடம்தான் முட்டுகிற இடம். நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பேன். அவர் அராவுவார். மறுபடி கரி, மறுபடி அரம். அந்த மாரிகாலம் முழுவதும் எங்கள் வீட்டில் இதுதான் வேலை. சோறு குழைந்தது, கறி அடிப்பிடித்தது. ஒரு போல்ட் இரண்டானது. அப்போதும் தொல்லை தீரவில்லை. சீவல் சுருள் ஒன்று தடைக்கும் வண்டிக்கும் இடையில் சிக்கினால் அளவு பிழைத்துவிடும். அதற்காகத் தடையின் முகத்தில் ஒரு திருகாணியை உயரத்தில் வைத்து, அதன் நுனியில் பழைய பெயாரிங் குண்டு ஒன்றைப் பதித்தார். குண்டு தொடுவது ஒரு புள்ளியில்தான், சுருள் தங்க இடமில்லை, கீழே விழுந்துவிடும். பால்மா டின்னில் வெட்டிய ஒரு தகர நாக்கையும் பூட்டினார். வண்டி தடைக்குக் கிட்ட வரும்போது அது 'டிக்' என்று சொல்லும். உடனே வண்டியை மோட்டர் ஓட்டத்திலிருந்து விடுவித்து, மிச்சத் தூரத்தைக் கையால் திருப்பிக் குண்டில் தொட வைப்பார்.

"மோட்டர் வேகத்தில தடையில மோத விடுறவன் மடையன்" என்பார். "தடையும் மிஞ்சாது, மெசினும் மிஞ்சாது."

வேலைக்கு வேலை நீளம் மாறுமே? அதற்கு அளவுக் கம்பிகள் வெட்டினோம். தடையின் குண்டுக்கு முன்னால் கம்பியை வைத்தால் வண்டி அவ்வளவு தூரம் முன்னதாக நிற்கும். எந்தக் கம்பி எதற்கு என்று தெரிய, வாளால் வெட்டுப் போட்டது நான். ஒரு வெட்டு என்றால் புஷ் வளையம், இரண்டு வெட்டு என்றால் ஷாஃப்ட் தோள். எல்லாம் கூர்க் கத்திக்குப் பார்த்த அளவு. தடிப்பைப் பார்க்க, கப்ளிங்கையே கொண்டுவரச் சொல்லி மாட்டிப் பார்த்துக்கொள்வார். "மூலைக்கு வளைவு?" என்று கேட்டேன். "அது மட்டும் இடது கண்ணால பாத்து உருட்டிக்குவன், அந்தளவுக்குக் காணுது" என்றார்.

அதற்குப் பிறகு சவுக்காரத்தில் ஒரு கீறலும் விழவில்லை. காலையில் அதைத் தடவிப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பிறகு நான் அந்தக் கட்டையை எடுத்து உடுப்பே தோய்த்துவிட்டேன். தடை அவ்வளவு நம்பிக்கை. எந்த ஷாஃப்டை எடுத்தாலும் தோள் ஒரே இடத்தில். போன நோன்புக்குக் கிட்ட, கப்ளிங் தோளில் போய் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது, முந்தி இப்படி இருந்ததில்லை, காக்காட கை வர வரத் திறமாகுது என்று போட்டுக்காரர்கள் புகழத் தொடங்கினார்கள். அண்ணன் என்கிற முறையில் இவர் எல்லாருக்கும் காக்கா. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை.

அந்த நோன்புப் பெருநாளன்று நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பெருநாளுக்கு மாதுளம்பூ நிறத்தில் ஒரு சாரி எடுத்திருந்தேன். காலையில் மகள் றுக்ஷானாவுக்குப் போன் எடுத்து, அந்த நிறம் இந்த வயதில் எனக்கு அடுக்குமா என்று அரை மணித்தியாலம் கதைத்தேன். பிறகு உடுத்திக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாதுளம்பூ உனக்கு நல்லா எடுப்பா இரிக்கி புள்ள."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் என்ன உடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிசன்! எனக்கு வெட்கமாகக்கூடப் போய்விட்டது. இடது கண் தெளிந்து வருகிறது என்று இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த நேரம், விநாயகமூர்த்தி வந்தார். சொந்தப் போட்டை அவரே ஓட்டுகிறவர், இவருடைய பழைய வாடிக்கை. முகம் கறுத்து, உதடு வெடித்து, ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு சாக்குச் சுற்று. பிரித்து மர வாங்கின்மேல் வைத்தார். கப்ளிங்கோடு ஒரு சாண் அளவு ஷாஃப்ட் துண்டு. முறிந்திருந்தது.

"நல்ல வேகத்தில வந்துகொண்டிருந்தம் காக்கா. ஒரு சத்தம். எஞ்சின் கத்துது, போட் போகல்ல. பாத்தா ஷாஃப்ட் கப்ளிங்கடியில முறிஞ்சு பின்னால வழுகிட்டு. ஷாஃப்ட் இருந்த ஓட்டையால தண்ணி குபுகுபு எண்டு வருது. கட்டியிருந்த சாரத்த அவிட்டு அடைச்சம். இறைக்க இறைக்க ஏறுது. இன்னொரு போட் கண்டு இழுத்து வந்ததால உங்களுக்கு முன்னால நிக்கிறன்."

"யா அல்லாஹ்" என்றேன் உள்ளேயிருந்து.

"இந்தக் காலத்து இரும்பு அப்பிடி. உங்களச் சொல்லி என்ன? புதுசு ஒண்டு கெதியா அடிச்சுத் தாங்க காக்கா."

இவர் துண்டை மடியில் வைத்து முறிந்த முகத்தைத் தடவினார். பிறகு முறிவின் விளிம்பில், தோளின் மூலையாக இருந்த இடத்தில், நகத்தை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தை அதற்கு முன் ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன், அவரைப் பெற்ற உம்மா மவுத்தாகி அடக்கம் செய்த அன்று.

"மூர்த்தி, கொஞ்சம் இரிங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இரும்பில பிழையில்ல புள்ள. மூலை கூரா இரிக்கி. வளைவு இல்ல. சுத்தச் சுத்த அந்த மூலையிலதான் வெடிக்கத் தொடங்கும், மயிரளவா. பிறகு ஒருநாள் முறியும். வளைவு அதுக்குத்தான்."

"இடது கண்ணால உருட்டுறன் என்டீங்களே!"

"கொஞ்ச நாளா முடியல்ல. கூர்க் கத்தியோட நிப்பாட்டிட்டன். கப்ளிங் நல்லா ஒட்டிச்சு, எல்லாரும் திறம் என்டானுகள். இவ்வளவு தடிச்ச உருக்கு தாங்கும் என்டு நெனச்சன்."

சவுக்காரத்தில் கீறல் விழாத தடை அது. ஒவ்வொரு ஷாஃப்டிலும் அதே இடத்தில், அதே கூர் மூலையை, பிசகாமல் வெட்டிக் கொடுத்திருக்கிறது. அவை எல்லாம் இப்போது கடலில் சுழன்றுகொண்டிருக்கின்றன. 

"சரி, இது கூடாத மட்ட இரும்பு என்டு சொல்லுவம்" என்றேன். "அவரே அப்புடித்தானே சொல்றார். எல்லாத்தையும் கழட்டிக் கொண்டுவரச் சொல்லுங்க. கண் கதைய ஏன் இழுக்கணும்?"

"வலை போட்டிரிக்கிறவன் இரும்பு கூடாது என்ட ஒரு சொல்லுக்குத் திரும்பி வருவானா? கரைக்கு வந்து பாப்பம் என்பான். அதுக்குள்ள முறியும். கண் தெரியாதவன் செஞ்சது என்டாத்தான் பயப்படுவான்."

"அதோட உங்கட வேலை முடிஞ்சிடும். தெரியுமா?"

"தெரியும்."

நான் அழுதேன். ஏசினேன். தேத்தண்ணிக் கடையை ஏசினேன், காகித ஆலையை ஏசினேன், கொழும்பிலிருந்து மெசின் ஏற்றிவந்த லொறிக்காரனையும் விடவில்லை. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தடவித் தடவிப் பூட்டினார்.

மூர்த்தியிடம் அவரே சொன்னார். மூர்த்தி முறிந்த துண்டைத் திரும்பவும் சாக்கில் சுற்றிக் கட்டினார். பிறகு, "என்ட மகனும் அந்தப் போட்டிலதான் நிண்டவன் காக்கா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு ஹாபருக்குப் போனார்.

ஹாபரில் போட்டுகளோடு பேசுகிற ரேடியோ ஒரு சின்ன அறையில் இருக்கிறது. வாசலில் இரண்டு படி. நான் இருமினேன், இவர் ஏறினார். செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியிருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வாசலை அடைத்து நின்றார்கள். மூர்த்தி கடலிலிருக்கும் போட்டுகளைக் கூப்பிட்டு, பேசும் கருவியை இவர் கையில் வைத்தார்.

"நான் ஓட்டமாவடி லேத் நௌஷாட் கதைக்கிறன்" என்றார்.  "மூர்த்திட ஷாஃப்ட் முறிஞ்சது எண்ட பிழை. எனக்குக் கண் தெரியா. கண் தெரியாமத்தான் செஞ்சு தந்தன். எண்ட ஷாஃப்ட் போட்டிரிக்கிற எல்லாரும் வேகத்தக் கொறைச்சி, மெல்லமாக் கரைக்கு வாங்க. கழட்டிப் பாருங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ஒருவன் "விளங்கிச்சு" என்றான். ஒருவன் தூஷணத்தில் ஏசினான், மூர்த்தி இடையில் புகுந்து அவனை அடக்கினார். இன்னொரு போட்டிலிருந்து ஒரு வயதான குரல் கேட்டது: "காக்கா, எங்கட ஷாஃப்ட் நோன்புக்கு முந்தி செஞ்சது. இப்ப வலை விட்டுக் கிடக்கு. அது கண்ணிருக்கக்குள்ள செஞ்சதுதானே? நாங்க நிண்டு வரலாமா?"

இவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். என் பக்கம் என்று அவர் நினைத்த பக்கம். நான் மற்றப் பக்கம் நின்றேன்.

"இல்ல" என்றார். "நோன்புக்கு முந்தியே எனக்கு ரெண்டு கண்ணும் போயிட்டு. வெளிச்சமும் நிழலும்தான். நீங்களும் வாங்க."

"சரி காக்கா, வலைய எடுக்கிறம்" என்றது அந்தக் குரல்.

 நோன்புக்கு முந்தி! அப்படியென்றால் பெருநாளன்று அந்த வாசலில் நான் நின்றதை இவர் காணவேயில்லை. காலையில் நான் மகளோடு போனில் அளந்ததைக் கேட்டுக்கொண்டிருந்து, நிறத்தின் பெயரை மனதில் வைத்திருந்து சொல்லியிருக்கிறார். மெசினை நான் மூடிவிடுவேன் என்ற பயத்தில் சொன்னாரா, நான் சந்தோஷப்படட்டும் என்று சொன்னாரா? எனக்கு வந்த கோபத்துக்கு, ஹாபர் என்றும் பார்க்காமல் அங்கேயே பிடித்து உலுப்பிக் கேட்டிருப்பேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

கருவியை மேசையில் வைக்கத் தெரியாமல் இவர் காற்றில் தடவினார். மூர்த்தி அதை வாங்கி வைத்தார். இவர் கதிரையிலிருந்து எழும்பி வாசல் பக்கம் திரும்பினார். சனம் ஒதுங்கி வழி விட்டது.  படி வருகிற இடத்தில், நான் இருமுவேன் என்று காலைத் தூக்காமல் காத்து நின்றார்.

நான் இருமவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க அவர் கையைப் பிடித்தேன்.

"ரெண்டு படி இரிக்கி. இறங்குங்க" என்றேன்.